வழிகாட்டியின் கூலியும் கைக்குள் மடித்த டாலரும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையில் கிரேக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சொற்பம். கோடை வந்தால் ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில்காரர்கள் வந்து குவிகிறார்கள். படகின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் துடுப்போடு வழிகாட்டி. ஒரு படகுக்கு ஒரு நாள் கட்டணம் சுமார் 600 முதல் 750 டாலர். அதைப் பதிவு செய்யும்போதே கட்டிவிடுகிறார்கள். ஆனாலும் மாலையில் படகு கரையை நெருங்கும்போது பயணிகளின் மனம் மீனை விட்டுவிட்டு வேறொன்றில் போய் நிற்கிறது. டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது? ஆளுக்கா, படகுக்கா? இன்று மீன் சரியாகப் படவில்லையே, குறைத்துக்கொள்ளலாமா? இவரே நிறுவனத்தின் முதலாளி என்கிறார்களே, முதலாளிக்கும் கொடுப்பதுண்டா?

உணவகத்தில் இந்தத் தொல்லை இல்லை. 15 சதவீதம், 18 சதவீதம், 20 சதவீதம் என்று பில்லின் அடியிலேயே கணக்குப் போட்டுத் தந்துவிடுகிறார்கள். வேட்டை முகாமில் அப்படிப் பில் எதுவும் வருவதில்லை. பத்து நாள் ஒரே மனிதரோடு ஒரே கூடாரத்தில் தங்கி, அவர் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர் கைபிடித்துப் பாறை ஏறிவிட்டு, விடைபெறும் நேரத்தில் அவருடைய உழைப்புக்கு ஒரு விலை வைக்க வேண்டும். பழக்கம் நெருங்க நெருங்கத் தயக்கமும் கூடுகிறது. இதை நாகரிகம் பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் கடைசிவரை குழம்புகிறார்கள். இது முதலில் கூலி பற்றிய கேள்வி. வழிகாட்டிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், எந்த முறையில் தருகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் நியாயமான தொகையும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மொன்டானாவில் ஒரு வழிகாட்டி தன்னிச்சையாகத் தொழில் செய்ய முடியாது. அவுட்ஃபிட்டர் எனப்படும் உரிமம் பெற்ற பயண ஏற்பாட்டாளர் ஒருவரின் கீழ்தான் வேலை பார்க்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். பயணி கட்டும் பணம் அவுட்ஃபிட்டரிடம் போகிறது. பதிவு, விளம்பரம், காப்பீடு, அனுமதிக் கட்டணம் எல்லாம் கழித்து வழிகாட்டிக்கு நாள் கூலி வருகிறது. பல இடங்களில் படகும் அதை இழுத்துவரும் வண்டியும் வழிகாட்டியினுடையவை. தூண்டிலில் கட்டும் செயற்கை ஈக்கள், அறுந்துபோகும் நரம்பு, மதிய உணவு, வண்டிக்கு எரிபொருள் ஆகியவையும் அவர் செலவுதான். காலையில் படகை இறக்கிய இடத்திலிருந்து, மாலையில் கரையேறும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காசு கொடுக்க வேண்டும். இத்தனையும் போக மிஞ்சுவதுதான் கையில் நிற்கும்.

அதுவும் ஆண்டு முழுக்கக் கிடையாது. பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் பல ஆறுகள் கலங்கி ஓடும். கோடையின் உச்சியில் தண்ணீர் சூடேறினால் மீன்கள் தாங்காது. நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்க மொன்டானா வனவிலங்குத் துறை தடை விதிக்கலாம். தடை வந்துவிட்டால் வழிகாட்டிகள் விடியுமுன் எழுந்து அரை நாள் வேலையோடு திரும்ப வேண்டியதுதான். வெப்பம் கூடிவரும் ஆண்டுகளில் இந்தத் தடைகள் வருமானத்தில் நேரடியாக விழும் அடி. படகுக்கு 100 டாலரோ அதற்கு மேலோ, கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் என்று அங்கே நிலைத்துவிட்ட டிப்ஸ் வழக்கத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். கணக்கு படகுக்குத்தான், ஆளுக்கல்ல. இரண்டு பேர் சேர்ந்து போனால் தொகையைப் பகிர்ந்துகொள்ளலாம். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருவரும் நினைத்துக்கொண்டு போய்விட, வழிகாட்டி வெறுங்கையோடு நிற்பதும் நடக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் அழைத்துப்போகும் தொழில் அமெரிக்காவில் உருப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில். நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைக்காடுகளைப் பற்றி வில்லியம் மர்ரே என்ற பாதிரியார் 1869-இல் எழுதிய நூலைப் படித்துவிட்டு நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். உள்ளூர் மரவெட்டிகளும் பொறிவைத்து விலங்கு பிடிப்பவர்களும் அவர்களுக்குப் படகோட்டினார்கள். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே அந்தப் படகைத் தோளில் தூக்கி நடந்தார்கள். 1891-இல் அந்த வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். மெய்ன் மாநிலம் 1897-இல் வழிகாட்டிகள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று சட்டம் போட்டது. முதல் உரிமத்தைப் பெற்றவர் ஒரு பெண். 'ஃபிளை ராட்' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட கார்னீலியா கிராஸ்பி, தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதி மெய்ன் காடுகளுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்.

அந்தக் காலத்து அமெரிக்கர்களில் பலருக்கு டிப்ஸ் பிடிக்காது. எசமானன் வேலைக்காரனுக்கு வீசும் காசு, குடியரசுக்கு ஒவ்வாத பழக்கம் என்று சொன்னார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அந்தச் சட்டங்கள் அத்தனையும் நீக்கப்பட்டன. கூலியின் ஒரு பகுதியை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடலாம் என்பது முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது. அந்த வசதி இன்றும் தொடர்கிறது.

வேட்டையில் தொகைகள் பெரியவை. சில இடங்களில் வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. அலாஸ்காவில் வெளிமாநிலத்தவர் பழுப்புக் கரடி, டால் ஆடு, மலை ஆடு ஆகியவற்றை வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டியோ அந்த மாநிலத்தில் வாழும் நெருங்கிய உறவினரோ கூடவே இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு எல்லாப் பெரிய விலங்குக்கும் வழிகாட்டி கட்டாயம். வயோமிங்கில் கூட்டரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுப் பகுதிகளுக்குள் பெரிய விலங்கு தேடிப் போகும் வெளிமாநிலத்தவருக்கும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெளிநாட்டவருக்கும் இதேபோன்ற விதிகள் உண்டு. ஆகவே கட்டணம் ஏறுகிறது. மொன்டானாவில் ஐந்தாறு நாள் எல்க் மான் வேட்டைக்கு 7,000 முதல் 9,000 டாலர், அலாஸ்காவில் பத்து நாள் பழுப்புக் கரடி வேட்டைக்கு 25,000 டாலருக்கு மேல் என்பவை இன்று சாதாரண விலைகள்.

இங்கேதான் சதவீதக் கணக்கு உடைகிறது. எல்க் வேட்டைக்கு 10 சதவீதம் என்றால் 700 முதல் 900 டாலர். கரடி வேட்டைக்கு அதே 10 சதவீதம் 2,500 டாலரைத் தாண்டுகிறது, 20 சதவீதம் என்றால் 5,000. கரடி வழிகாட்டியின் வேலை கடினமானதுதான். காயம்பட்ட கரடியைப் புதருக்குள் தேடிப்போவதும் அதில் அடங்கும். ஆனால் கட்டணத்தின் பெரும்பகுதி சிறு விமானத்துக்கும் எரிபொருளுக்கும் அனுமதிக்கும் அந்த வட்டாரத்தின் அரிதான வேட்டை உரிமைக்கும் போகிறது. விமான எரிபொருள் விலை ஏறினால் வழிகாட்டியின் டிப்ஸும் ஏற வேண்டும் என்பதில் பொருளில்லை. மறுபக்கம், மலிவான வேட்டை என்பதற்காக, குதிரைக்குச் சேணம் கட்டி அதிகாலை 3 மணிக்கு மலையேறியவரின் உழைப்பு குறைந்துவிடாது. இரண்டு வேட்டைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி என்று அமர்த்தும்போது ஆளுக்குக் கட்டணம் குறைகிறது, வழிகாட்டிக்கோ வேலை கூடுகிறது. அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் பலர் நாள் கணக்குக்கு மாறியிருப்பது இதனால்தான். வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, குதிரை பார்த்துக்கொள்பவருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்து, தனித்தனி உறைகளில் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். 10 முதல் 15 சதவீதம் என்ற பழைய விதியைத் தொகை தாறுமாறாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் ஓர் எல்லையாக வைத்துக்கொண்டால் போதும்.

மூடுபனி இறங்கி நான்கு நாள் கூடாரத்துக்குள்ளேயே முடங்க நேர்ந்தால்? அலாஸ்காவில் இது அடிக்கடி நடப்பது. துப்பாக்கி உறையை விட்டு வெளியே வராத அந்த நாட்களிலும் வழிகாட்டி தண்ணீர் கொண்டுவருகிறார், அடுப்பு மூட்டுகிறார், கூடாரம் காற்றில் பறக்காமல் காக்கிறார். நாள் கணக்கில் அவையும் சேரும்.

குறைந்தபட்சக் கூலி விஷயத்தில் இந்தத் தொழில் எங்கே நிற்கிறது என்பதைக் கடந்த பத்தாண்டுகளின் இழுபறி காட்டுகிறது. கூட்டரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்கள் தொழிலாளருக்கு மணிக்குக் குறைந்தது 10.10 டாலர் தர வேண்டும் என்று அதிபர் ஒபாமா 2014-இல் ஆணையிட்டார். கூட்டரசு நிலங்களில் அனுமதி பெற்று இயங்கும் அவுட்ஃபிட்டர்களும் அந்த வலைக்குள் வந்தார்கள். பலநாள் பயணங்களில் ஒவ்வொரு மணிக்கும் கூலி, அதற்கு மேல் கூடுதல் நேரக் கூலி என்றால் கட்டுப்படியாகாது என்று அவர்கள் முறையிட்டார்கள். 2018 மே மாதம் அதிபர் ட்ரம்ப், பருவகாலப் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு விலக்கு அளித்தார். 2021-இல் அதிபர் பைடன் அந்த விலக்கை நீக்கி, கூலியை 15 டாலராக உயர்த்தினார். கொலராடோவின் படகுப் பயண நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2025 மார்ச்சில் மீண்டும் அதிபரான ட்ரம்ப் பைடனின் 15 டாலர் ஆணையை ரத்து செய்தார். ஒரு தொழிலாளியின் அடிப்படைக் கூலி அதிபருக்கு அதிபர் மாறிக்கொண்டிருக்கும்போது, பயணியின் கையிலிருந்து வரும் டிப்ஸ் இனிப்புக்காகத் தரும் காசாக இருக்க முடியாது. அது குடும்பச் செலவு.

அவுட்ஃபிட்டர்களின் கணக்கிலும் உண்மை இருக்கிறது. 24 மணி நேரமும் முகாமில் இருப்பவருக்கு எதை வேலை நேரம் என்று கொள்வது, எதை ஓய்வு என்று கொள்வது என்பது எளிதில் தீராத சிக்கல். ஆனால் அந்தச் சிக்கலின் சுமை கடைசியில் வழிகாட்டி மேலேயே விழுகிறது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, முதலாளியே வழிகாட்டியாக வந்தால்? கடைக்காரருக்கு யாரும் டிப்ஸ் தருவதில்லை, விலையை அவரே வைக்கிறார், லாபமும் அவருடையது என்பது பழைய மரபின் வாதம். அது பிழையில்லை. ஆனால் ஒற்றை ஆளாகப் படகு வைத்து நடத்துபவரின் நிலை வேறு. ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் ஆழமற்ற கடலில் போன்ஃபிஷ், டார்பன் மீன்களைத் தேடிப் போகும் கேப்டன், படகின் பின்புற மேடையில் நின்றபடி எட்டு மணி நேரம் கழி ஊன்றிப் படகைத் தள்ளுகிறார். கண்ணைக் கூசவைக்கும் வெயிலில் மீனின் நிழலைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். படகு அவருடையது, கடனும் அவருடையது. இப்படிப்பட்டவருக்கும் மற்ற வழிகாட்டிகளுக்குக் கொடுப்பதைப்போலவே கொடுப்பதுதான் இன்றைய நடைமுறை. பத்து வழிகாட்டிகளை வேலைக்கு வைத்திருக்கும் அவுட்ஃபிட்டர் ஒருநாள் தானே வந்தாரென்றால் பழைய மரபைப் பின்பற்றலாம். தயக்கமிருந்தால் அந்தத் தொகையை முகாம் ஊழியர்களிடம் கொடுத்துவிடலாம்.

ஆழ்கடலுக்குப் போகும் வாடகைப் படகுகளில் கேள்வி இன்னும் கூர்மையானது. கேப்டனுக்குக் கீழே மேட் எனப்படும் உதவியாள் ஒருவர் இருப்பார். இரை கோர்ப்பது, சிக்கலெடுப்பது, மீனைக் கொக்கி போட்டு ஏற்றுவது, கடல் நோய் வந்தவரைத் தாங்கிப் பிடிப்பது, கரை வந்ததும் படகைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. பல துறைமுகங்களில் அவருடைய வருமானத்தின் பெரும்பங்கே டிப்ஸ்தான். ஆகவே படகுக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதத்தை நேராக மேட் கையில் கொடுக்க வேண்டும். மீனைத் துண்டு போடும் கூலி அதில் அடக்கமா, தனியா என்பதைப் படகேறும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஹவாயில் இன்னொரு வழக்கம் உண்டு. அங்கே வாடகைப் படகில் பிடிபடும் பெரிய மீன் பெரும்பாலும் படகுக்கே சொந்தம். அதை விற்று வரும் காசும் படகுக்காரர்களின் வரும்படியில் சேரும். இது தெரியாமல் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகப் பெட்டியோடு வந்து சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பேச வேண்டியது வெற்றிக்கான டிப்ஸ் பற்றி. பெரிய கொம்புள்ள மானைக் காட்டினால் 1,000 டாலர் கூடுதல் என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பவர்கள் உண்டு. விலங்கு கிடைக்கவில்லை என்றால் டிப்ஸைப் பாதியாகக் குறைப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே தவறின் இரு வடிவங்கள். அந்தத் தவறு எங்கே கொண்டுபோகும் என்பதை ஒரு பழைய வேட்டை காட்டுகிறது.

1902 நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்து, மிசிசிப்பி ஆற்றுச் சமவெளிக் காடுகளில் ஈடிணையற்ற கரடி வேட்டைக்காரர் என்று பெயரெடுத்த கறுப்பினத்தவர். அதிபர் ஒரு கரடியைச் சுடாமல் திரும்பக்கூடாது என்று வேட்டைக்கு ஏற்பாடு செய்தவர்கள் பரபரத்தார்கள். காலியரின் நாய்கள் ஒரு கரடியைத் துரத்தி மடக்கியபோது அதிபர் அந்த இடத்தில் இல்லை. கரடி நாயைத் தாக்கியது. காலியர் அதைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து, கயிறு வீசி மரத்தில் கட்டிவிட்டு அதிபருக்குச் சேதி சொல்லி அனுப்பினார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட் கட்டிப்போட்ட விலங்கைச் சுட மறுத்தார். காயம்பட்டிருந்த கரடியின் துன்பத்தை முடிக்கச் சொன்னார். கிளிஃபோர்ட் பெர்ரிமன் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். 'டெடி பேர்' பொம்மை அதிலிருந்து பிறந்தது. 2004-இல் மிசிசிப்பியில் ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்குக் காலியரின் பெயர் சூட்டப்பட்டது.

பொம்மையின் கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். வழிகாட்டியின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். காலியர் அளவுக்குக் காடறிந்த ஒருவர்கூட, முக்கியமான விருந்தாளிக்கு எப்படியாவது விலங்கைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கரடியைக் கட்டிவைக்க நேர்ந்தது. அதில் முன்னின்றது பணமல்ல, அதிபரின் மதிப்பு. அதோடு 1,000 டாலரும் சேர்ந்தால் என்னவாகும்? சட்ட நேரம் முடிந்த பிறகு சுடச் சொல்வது, எல்லை தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் நுழைவது, தடைசெய்யப்பட்ட இரை போட்டு விலங்கை இழுப்பது எல்லாம் இந்த ஆசையின் கிளைகள். 1900-இல் வந்த லேசி சட்டம் அமெரிக்காவின் அடிப்படை வனவிலங்குச் சட்டங்களில் ஒன்று. 1988-இல் வந்த திருத்தத்தின்படி, சட்டவிரோத வேட்டைக்குப் பணம் வாங்கி வழிகாட்டினால் அது வனவிலங்கை விற்ற குற்றத்துக்குச் சமம். மாட்டிக்கொண்டால் உரிமமும் தொழிலும் போகும். கூடுதல் டாலரை ஆசைகாட்டியவர் ஊர் திரும்பிவிடுவார்.

வேட்டையில் விலங்கு கிடைப்பதும் கிடைக்காததும் வானிலை, காற்று, பருவம், சுடுபவரின் கை எல்லாம் சேர்ந்த விஷயம். வழிகாட்டியின் கையில் இருப்பது உழைப்பும் அறிவும் நேர்மையும் மட்டுமே. வெறுங்கையோடு திரும்பினாலும் அவர் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கவில்லை என்றால் முழு டிப்ஸ் கொடுப்பதுதான் முறை. தாமதமாக எழுந்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தவருக்கு, பெரிய மான் விழுந்தாலும் குறைத்துக் கொடுக்கலாம். அப்போது அவுட்ஃபிட்டரிடம் காரணத்தை நேரில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் குறைப்பதால் யாரும் திருந்தப் போவதில்லை.

ஆப்பிரிக்காவில் இந்த ஏற்பாடே வேறு. தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, தான்சானியா நாடுகளில் வேட்டையை நடத்துபவர் அரசு உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர். ஜிம்பாப்வேயில் அந்த உரிமத்துக்குத் தேர்வும் பல ஆண்டுப் பயிற்சியும் உண்டு. அவருக்குக் கீழே தடம் பார்ப்பவர்கள், தோலுரிப்பவர்கள், ஓட்டுநர், சமையல்காரர், துணி துவைப்பவர், தண்ணீர் சுடவைப்பவர் என்று ஒரு படையே இருக்கும். கட்டணமும் இரண்டாகப் பிரியும். ஒன்று நாள் வாடகை. மற்றது வீழ்த்திய விலங்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான தொகை. எருமைக்கும் சிறுத்தைக்கும் இந்தத் தொகை எகிறும். அதைச் சேர்த்துச் சதவீதம் போட்டால் கணக்கு அபத்தமாகிவிடும். தொழில்முறை வேட்டைக்காரருக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 டாலர், தடம் பார்ப்பவர்களுக்கு 10 முதல் 20 டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முகாம் ஊழியர்களுக்கு எவ்வளவு, எப்படிப் பிரிப்பது என்பதை அந்த வேட்டைக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஒருவருக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு மற்றவரை மறந்தால் பயணி போன பிறகு முகாமுக்குள் பூசல் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

10 முதல் 20 டாலர் என்ற அந்த எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. காய்ந்த புல்லில் மடங்கிய ஒரு தாளையும் மணலில் கலைந்த ஒரு விளிம்பையும் வைத்துக்கொண்டு, விலங்கு எப்போது போனது, காயம் எங்கே என்று சொல்லிவிடக்கூடியவர்கள் அந்தத் தடம் பார்ப்பவர்கள். நமீபியாவில் 1998-இல் பதிவான நயே நயே சமூகக் காப்பகத்தின் ஜுஹோன்சி சான் மக்கள் இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்றவர்கள். அவர்கள் இல்லாமல் அங்கே வேட்டையே நடக்காது. உரிமம், ஆங்கிலம், துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் தடம் பார்ப்பவருக்கும் நடுவே உள்ள பத்து மடங்கு இடைவெளியை அறிவின் அளவாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற கூலி வரிசை அது. நமீபியாவின் சமூகக் காப்பகங்களில் வேட்டைக் கட்டணத்தின் ஒரு பங்கும் இறைச்சியும் ஊர் மக்களுக்குப் போகின்றன என்பது உண்மை. தடம் பார்ப்பவரின் கைக்குத் தனியாக, அவர் பெயர் சொல்லிக் கொடுக்கப்படும் தொகைக்கு அது ஈடாகாது. கிழிந்த, மிகப் பழைய டாலர் தாள்களை அங்கே பல கடைகள் வாங்க மறுப்பதால், புதிய சிறு தாள்களாகக் கொண்டுபோவதும் மரியாதையின் ஒரு பகுதி.

பிரிட்டனில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு சடங்கின் அமைதி உண்டு. ஃபெசன்ட் பறவை வேட்டை முடிந்ததும் பண்ணையின் வேட்டைப் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் கேம்கீப்பர் ஒவ்வொரு விருந்தாளியிடமும் ஒரு ஜோடிப் பறவைகளைக் கொடுத்துக் கைகுலுக்குவார். அந்தக் குலுக்கலில் மடித்த தாள்கள் கைமாறிவிடும். அன்று விழுந்த பறவைகளின் எண்ணிக்கையை வைத்து, முதல் நூறுக்கு இவ்வளவு பவுண்டு, அடுத்த ஒவ்வொரு நூறுக்கும் இவ்வளவு என்று கணக்கிடுவது வழக்கம். துப்பாக்கியில் தோட்டா போட்டுத் தரும் லோடருக்குத் தனி. ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறுகளில், ஸ்பே ஆனாலும் டே ஆனாலும், மீன்பிடி உதவியாளருக்கு வாரக் கடைசியில் கொடுப்பார்கள். கேம்கீப்பர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளமும் பண்ணை வீடும் உள்ள ஊழியர்கள் என்பதால் அவர்களுடைய பிழைப்பு டிப்ஸை நம்பித் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. பறவை எண்ணிக்கையோடு டிப்ஸை முடிச்சுப் போடுவது மட்டும் அந்த மரபில் பலவீனமான இடம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலைக்கு வைத்திருப்பவர் வழியாக வரும் டிப்ஸ் முழுவதையும் ஊழியருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது.

அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் ஒரு நாளில் ஆயிரம் தோட்டாக்களுக்கு மேல் சுடும் புறா வேட்டை நடக்கிறது. அங்கே தோட்டாப் பெட்டி சுமந்து பக்கத்திலேயே நிற்கும் உதவியாளுக்கு அன்றன்றே டாலர் கொடுத்துவிடுகிறார்கள். நியூசிலாந்தில் டிப்ஸ் பழக்கமே பொதுவாகக் கிடையாது. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலராக இருந்தது. ட்ரவுட் வழிகாட்டிக்கு அமெரிக்கர் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காதவர் மீது வருத்தமும் இருக்காது. சம்பளம் ஒழுங்காக இருந்தால் டிப்ஸ் வெறும் அன்பளிப்பாகவே நின்றுவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

காவிரியிலும் இந்தத் தொழில் இருந்தது. கர்நாடக எல்லைக்குள் பீமேஸ்வரி, காலிபோர் பகுதிகளில், ஒகேனக்கல்லுக்கு மேலே ஆறு வளைந்து வரும் இடங்களில், மஹ்சீர் மீனுக்கான தூண்டில் முகாம்கள் நடந்தன. உள்ளூர்க்காரர்கள் பரிசலோட்டி, கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டி இரை செய்து, எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் கிடக்கும் என்று காட்டினார்கள். அவர்களில் சிலர் ஒருகாலத்தில் திருட்டு மீன்பிடிப்பில் இருந்தவர்கள். பிடித்த மீனை எடைபோட்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாமின் விதி. சம்பளத்தோடு வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் கொடுத்த டிப்ஸும் சேர்ந்ததால், மீன் உயிரோடிருப்பதே அவர்களுக்கு வருமானமாயிற்று. காப்புக் காடுகளுக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தால் 2010களின் தொடக்கத்தில் முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. முதுகு உயர்ந்த அந்த மஹ்சீர், மிக மோசமான அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2018-இல் பட்டியலிடப்பட்டது. மோயாற்றிலும் அது இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தடை சரியா, தவறா என்பதில் இயற்கை ஆர்வலர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பரிசல்காரர்களின் வருமானம் ஓர் ஆணையோடு அறுந்தது என்பதில் இரண்டு கருத்து இல்லை. டிப்ஸைப் பெரிதும் நம்பிய பிழைப்புக்கு ஓய்வூதியமோ இழப்பீடோ இருப்பதில்லை.

பணத்துக்குப் பதில் பொருள் கொடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நல்ல பைனாகுலர், கத்தி, தூண்டில் ரீல் எல்லாம் வழிகாட்டிகள் விரும்பும் பொருட்கள்தான். ஆனால் கடன் தவணையைக் கத்தியால் கட்ட முடியாது. பொருள் பணத்தோடு சேர்ந்து போகட்டும், பணத்துக்கு மாற்றாக வேண்டாம். அடுத்த ஆண்டுக்கும் அதே வழிகாட்டியை இப்போதே பதிவு செய்வது, நாலு பேரிடம் அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்வது ஆகியவற்றுக்கும் மதிப்பு உண்டு. அவையும் தொகையைக் குறைப்பதற்குக் காரணமாகக் கூடாது.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டத்தின்படி, 2025 முதல் 2028 வரை, வழக்கமாக டிப்ஸ் பெறும் தொழில்களில் உள்ளவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சுற்றுலா வழிகாட்டிகளும் வாடகைப் படகு ஊழியர்களும் அரசின் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் டிப்ஸ் என்பது பயணி தானாக முன்வந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். விடுதி பில்லில் கட்டாயமாக 15 சதவீதம் சேவைக் கட்டணம் போட்டால் வரித்துறையின் 2012-ஆம் ஆண்டு விளக்கப்படி அது டிப்ஸ் ஆகாது, நிறுவனத்தின் வருமானம். ஊழியருக்கு அதிலிருந்து வருவது வெறும் சம்பளம். ஆகவே சேவைக் கட்டணம் கட்டிவிட்டோம் என்று நிம்மதியடையும் பயணி, அது யார் கைக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அந்தக் கேள்வியைப் பதிவு செய்யும்போதே கேட்பது எல்லோருக்கும் நல்லது. வழிகாட்டிக்கு நாள் கூலி உண்டா, முகாமில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், டிப்ஸ் பொதுவில் பிரிக்கப்படுகிறதா, தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் நல்ல அவுட்ஃபிட்டர் தயங்காமல் பதில் சொல்வார். பயணிகளுக்கு அனுப்பும் குறிப்பில், கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலோடு டிப்ஸுக்கான அளவையும் எழுதி அனுப்புபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பதில் சொல்ல மறுப்பவரின் முகாமில் வழிகாட்டிகள் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த மலையையோ ஆற்றையோ ஒரே ஒரு பருவம் மட்டும் பார்த்தவர்தான் அங்கே வழிகாட்டியாக வருவார்.